மூன்றும் ஒரே ரேக்கில்

"மாப்பிள்ளை, என் போன் தண்ணில விழுந்து செத்துப்போச்சு. அவ பேசி அனுப்பினது எல்லாம் அதோட போயிடுச்சு. அவ குரல் உங்ககிட்ட ஏதாச்சும் இருக்கா?"

"இல்ல அத்தை" என்று அவன் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"கம்ப்யூட்டரோடயே குடும்பம் நடத்துறீங்கன்னு உங்களைக் கிண்டல் பண்ணுவாளே. உங்ககிட்டயே இல்லைன்னா யார்கிட்ட போய்க் கேக்க? சரி, விடுங்க. சாப்டீங்களா?"

சாப்பிட்டதாகச் சொன்னான். அதுவும் பொய்.

இறந்துபோன மனைவியின் குரல் அவனிடம் இருந்தது. லேப்டாப்பில் ஒன்று, ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று. அனுப்ப வேண்டுமென்றால் அந்த ஃபோல்டரைத் திறக்க வேண்டும். திறந்தால் கடைசியாக வந்தது முதலில் நிற்கும். அவள் வண்டியில் அடிபடுவதற்குச் சற்று முன் அனுப்பியது. அப்போது அவன் ஆபீஸ் மெஷின் ரூமில் இருந்தான்; அங்கே சிக்னல் எடுக்காது. அவன் டிஸ்க் மாற்றிவிட்டு வெளியே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வந்து கூட்டிப் போகச் சொல்லியிருப்பாளோ என்ற பயத்தில் இன்றுவரை அதைக் கேட்கவில்லை.

அன்று மதியம் மீட்டிங். ஆஸ்பத்திரிகளின் ஸ்கேன் படங்களைச் சேமித்து வைப்பது அவர்கள் வேலை. ஒவ்வொரு படத்துக்கும் மூன்று பிரதிகள். இடம் நிரம்பிக்கொண்டிருந்தது. இரண்டாகக் குறைக்கலாமா என்பதுதான் பேச்சு. மூன்று வேண்டும் என்று வாதாட, மீட்டிங்குக்கு முன் அவன் ஒரு வரைபடம் எடுக்க உட்கார்ந்தான், எந்தப் பிரதி எந்த மெஷினில் இருக்கிறது என்று. பார்த்ததும் கை நின்றுவிட்டது. ஆயிரக்கணக்கான படங்களுக்கு மூன்று பிரதிகளும் ஒரே ரேக்கில், மெஷின்களை அடுக்கும் ஒரே இரும்பு அலமாரியில், கிடந்தன. மூன்று வேறு மெஷின்கள், ஆனால் மூன்றுக்கும் ஒரே கரண்ட் லைன். எந்த மெஷின் எந்த ரேக்கில் இருக்கிறது என்று அவற்றைச் சேர்த்தபோது நிரப்ப வேண்டிய இடத்தை அவன்தான் காலியாக விட்டிருந்தான்; அது தெரியாமல் சிஸ்டம் மூன்றையும் ஒரே ரேக்கில் போட்டிருந்தது.

யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிடலாம். ஒரு வாரம் போதும்.

"ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கே. ரெண்டு பத்தாதா?" என்று மீட்டிங்கில் கேட்டார் மேனேஜர்.

"பத்தும் சார், தாராளமா பத்தும்" என்றான் ஆமாஞ்சாமி. பக்கத்து நாற்காலிக்காரனுக்கு ஆபீஸ் வைத்த பெயர் அது.

"பத்தாது" என்றான் அவன். " ஒரு டிஸ்க் போனா மிச்சம் இருக்கிறதுலேர்ந்துதான் புதுசுக்கு எடுக்கணும். அதுக்கு மணிக்கணக்கா ஆகும். அதுவரைக்கும் உலகத்துலயே ஒரே ஒரு பிரதிதான். அதுவும் கூடவே வாங்கின டிஸ்க், கூடவே தேஞ்சது. அந்த நேரம் பார்த்துத்தான் அதுவும் மண்டையைப் போடும்."

"பார்த்தீங்களா சார், நானும் அதையேதான் நினைச்சேன்" என்றான் ஆமாஞ்சாமி.

மேனேஜர் சிரித்துவிட்டார். "சரிப்பா, அப்போ மூணு. இப்ப இருக்கிற மாதிரியே விட்டுடலாம்."

ஜெயித்தாயிற்று. வாயை மூடிக்கொண்டு எழுந்துவிடலாம். அவன் கால் மேஜைக்கு அடியில் தன் பையில் இடித்தது. எங்கே போனாலும் தோளில் மாட்டிக்கொண்டு போகும் பை. லேப்டாப், ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ் எல்லாம் அதற்குள்தான்.

"இப்ப இருக்கிற மாதிரி விடக்கூடாது சார்" என்று வரைபடத்தைத் திருப்பிக் காட்டினான். "மூணுன்னு சொல்லிட்டிருக்கோம். ஒரு ரேக் அணைஞ்சா ஒண்ணுமே இல்லை. செஞ்சது நான்."

மேனேஜர் திரையில் அந்த மெஷின்களைச் சேர்த்த தேதியைப் பார்த்தார். அவன் மனைவியின் காரியமெல்லாம் முடித்து வேலைக்குத் திரும்பிய வாரம்.

"அப்ப நீ..." என்று இழுத்தார்.

"அதை இதுல சேர்க்காதீங்க சார். மூணு பிரதி, மூணு ரேக். புது ஆஸ்பத்திரி எதையும் இப்போதைக்குச் சேர்க்க வேண்டாம்."

"மேலிடத்துல யார் பதில் சொல்றது?"

"நான் சொல்றேன்."

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து போன் போட்டான்.

"அத்தை, காலைல பொய் சொன்னேன். எல்லாம் என்கிட்ட இருக்கு."

"ஏன் மாப்பிள்ளை?" என்றாள்.

"கடைசியா ஒண்ணு அனுப்பியிருக்கா. நான் இன்னும் கேக்கல. என்னைக் கூப்பிட்டிருப்பாளோன்னு."

"கூப்பிட்டிருந்தா?"

அவன் பையை மடிக்கு இழுத்துக்கொண்டான். அத்தை ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"அதையும் சேர்த்தே அனுப்புங்க. மாமா போனுக்கும் ஒண்ணு போடுங்க. நான் மறுபடி தண்ணில போட்டாலும் போடுவேன்."

"மாமா போன் வேணாம் அத்தை. ரெண்டு போனும் ஒரே மேஜைலதான் கிடக்கும். வெளியூர்ல இருக்கிற சின்னவளுக்கு அனுப்புறேன்."

"அக்கா குரலைக் கேட்டா அழுவாளே."

"அழட்டும் அத்தை."

பையைத் திறந்து லேப்டாப்பை மடியில் வைத்தான். கடைசியாக வந்தது முதலில் நின்றது.