அம்மா என்ற கட்டத்தில் புள்ளடி

பிரெஞ்சு பேசும் இந்த நகரத்து லாசால் பகுதியில் ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் தொழிற்சாலை ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக லீவுக் கடதாசி பார்ப்பவள் நான். நூற்று நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். அதில் நாற்பதுக்கு மேல் எங்கள் தமிழ் ஆட்கள். யாருக்குக் காய்ச்சல், யாருடைய பிள்ளைக்குத் தேவாலயத்தில் முதல்நன்மை, யாருக்கு எந்த நாட்டில் யார் செத்தது என்பதெல்லாம் இந்தக் கட்டடத்தில் திரேசம்மாவைக் கேட்டால்தான் தெரியும். பெருமைக்குச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொல்கிறேன்.

முன்பு எல்லாம் ஒரு றோஸ் நிறப் படிவத்தில் நடந்தது. ஆள் வந்து மேசைக்கு முன்னால் நிற்பார். படிவம் பிரெஞ்சில் இருப்பதால் நானே கேட்டுக் கேட்டு நிரப்புவேன், அவர் கையெழுத்து வைப்பார். பிறகு மாற்று ஆளைத் தொலைபேசியில் பிடிப்பேன். ஆளணிப் பொறுப்பாளர் செலீன் வாசிக்காமலே ஒப்பம் வைப்பாள். அவ்வளவுதான் வேலை.

போன புரட்டாதியில் கம்பனி ஒரு மென்பொருளை வாங்கியது. இனிமேல் லீவு கேட்பது, பார்ப்பது, கொடுப்பது, மறுப்பது எல்லாம் தானாக நடக்கும் என்றார்கள். அதைப் பொருத்த மத்தியூ என்ற பெடியன் வந்தான். நல்ல பெடியன்தான், ஆனால் அவனுக்குக் களைப்பு என்றால் என்னவென்று தெரியாது.

“படிவம் வந்ததும் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டான்.

“வாங்குவேன்.”

“அதற்குப் பிறகு?”

“வாசிப்பேன்.”

“அதற்குப் பிறகு?”

ஒவ்வொன்றையும் ஒரு மஞ்சள் ஒட்டுத்தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினான். மூன்றாம் நாள் என் இருபத்திரண்டு வருடமும் பதினான்கு மஞ்சள் தாளாகச் சுவரில் இருந்தது. இதற்குத்தானா விடிய ஐந்து மணிக்கு எழும்பி இரண்டு பஸ் ஏறி வந்தேன் என்று எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

“வேறு ஏதாவது விட்டுப்போயிற்றா?” என்று கடைசியாகக் கேட்டான்.

“இல்லை” என்றேன்.

அது பொய். ஒன்று விட்டுப்போயிருந்தது.

எங்கள் கம்பனி விதிப்படி அம்மா செத்தால் ஐந்து நாள் லீவு. அப்பா, சகோதரம், பிள்ளை, புருசன் பெண்சாதிக்கும் அப்படித்தான். பேரன் பேத்திக்கு ஒரு நாள். அம்மாவின் அக்கா தங்கச்சிக்கு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்றால் அரை நாள் கூட இல்லை. என் மேசைக்கு முன்னால் கண் சிவந்து நிற்கும் ஒருவர் “பெரியம்மா செத்துப்போனா” என்று சொல்லும்போது, “அது உன் அம்மா இல்லையே, போய் வேலையைப் பார்” என்று எந்த வாயால் சொல்வது? சொல்லவில்லை. அம்மா என்ற கட்டத்தில் குறுக்கே இரண்டு கோடிழுத்துப் புள்ளடி போட்டேன். ஆசையம்மா, சின்னம்மா, குஞ்சம்மா எல்லாருக்கும் அதே கட்டம். பெரியப்பா, சித்தப்பாவுக்குப் பக்கத்துக் கட்டம். யாருக்கும் நான் அதைச் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை. கடதாசியில் ஒருவருக்கு மூன்று அம்மா செத்திருந்தாலும் கடதாசிக்கு எண்ணத் தெரியாது.

மத்தியூ போகுமுன் பழைய படிவங்களையும் மிஷினில் ஏற்றச் சொன்னான். மாரிக்குளிர் முழுக்க இருந்து அடித்தேன். அப்படி நான் புள்ளடி போட்ட படிவங்கள் முப்பத்தொன்று இருந்தன. அப்போதாவது யோசித்திருக்கலாம். ஒரு நாளைக்கு இருநூறு படிவம் அடிக்கிறவளுக்கு யோசனை எங்கே வரும்? உள்ளதை உள்ளபடி அடித்தேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன்.

பங்குனியில் ஒரு வியாழக்கிழமை, காலை பத்து மணி. இஸ்திரி இயந்திரத்தில் வேலை செய்யும் பேரின்பநாதன் கையில் போனுடன் வந்து நின்றார். பதினெட்டு வருடமாகத் தெரிந்த மனிதர். ஒருவருடனும் சண்டை சச்சரவு இல்லை.

“திரேசக்கா, அம்மா போட்டா.”

“ஆண்டவரே. எப்ப?”

“விடியப்புறம். ஸ்காபரோவில, தங்கச்சி வீட்டை. நித்திரையிலயே போட்டா.”

“பேந்து ஏன் வேலைக்கு வந்தனீர்?”

“லீவு எடுக்காமல் என்னெண்டு போறது? போனிலதான் போட வேணுமாம். போட்டனான். உடனயே சிவப்பாய் ஏதோ வந்து நிக்குது. இஞ்சை பாருங்கோ.”

வாங்கி வாசித்தேன். அம்மாவுக்கான லீவு 2011 இலும் 2016 இலும் ஏற்கெனவே எடுக்கப்பட்டுள்ளது. விண்ணப்பம் மறுக்கப்படுகிறது. பொய்த் தகவல் தந்திருக்கலாம் என்பதால் விசாரணைக்கு அனுப்பப்படுகிறது.

“என்னவாம் அக்கா?”

“நீர் ஏற்கெனவே ரெண்டு தரம் அம்மாவுக்கு லீவு எடுத்திருக்கிறீராம்.”

“அது பெரியம்மாவுக்கெல்லோ. மற்றது சின்னம்மாவுக்கு. அப்பிடித்தானே உங்களிட்டைச் சொன்னனான்?”

“ஓம். அப்பிடித்தான் சொன்னனீர்.”

“அப்ப நான்தான் பாக்காமல் பிழையாய்க் கையெழுத்து வைச்சிட்டன் போல. என்ர பிழைதான் அக்கா.” அழவில்லை. போனைத் துடைத்துத் துடைத்துப் பொக்கற்றுக்குள் வைத்தார். “சம்பளம் வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. விட்டால் போதும். திங்கக்கிழமை ஒன்பது மணிக்கு எரிக்கினம். இஞ்சை கொள்ளி எண்டாலும் பொத்தானை அமத்துறதுதான். எண்டாலும் மூத்த பிள்ளை நான், நான்தானே அமத்த வேணும்.”

அந்தப் பழி என் நெஞ்சில் வந்து குந்திக்கொண்டது. தாய் செத்த அன்று ஒரு மனிதர், நான் செய்த பிழைக்கு என்னிடமே மன்னிப்புக் கேட்கிறார். முன்பென்றால் “நீர் போம்” என்று அனுப்பிவிட்டு, வயிற்றோட்டம் என்று ஏதாவது எழுதிச் சமாளித்திருப்பேன். இப்போது வரவு பதியும் வாசல் மணிக்கூடும் மிஷினோடு சேர்த்துக் கட்டியிருக்கிறது. அனுமதியில்லாமல் மூன்று நாள் வராவிட்டால் வேலைநீக்கக் கடிதம் தானாகப் போய்விடும். அதை அனுப்ப ஒரு மனிதர் கூடத் தேவையில்லை.

“நீர் வீட்டை போய் உடுப்பை அடுக்கும். நான் பாத்துக்கொள்ளுறன்” என்றேன்.

என்னத்தைப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த விண்ணப்பம் என் கணினித் திரையில் வந்து கிடந்தது. மேலே ஒரு மணிக்கூடு ஓடியது. கீழே இரண்டு பொத்தான்கள். மறுப்பை உறுதிசெய், அல்லது காரணம் எழுதி அனுமதி. காரணம் ஐந்நூறு எழுத்துக்கு மேல் போகக்கூடாதாம். பதினைந்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். நீங்கள் தாமதிக்கிறீர்கள் என்று மணிக்கூடு மஞ்சளாகியது.

சும்மா இருந்தாலே போதும். கையெழுத்து பேரின்பநாதனுடையது, புள்ளடிதான் என்னுடையது. புள்ளடியைப் பார்த்து யாருடைய கை என்று எவராலும் சொல்ல முடியாது. ஓய்வூதியத்துக்கு இன்னும் பதினான்கு மாதம் இருந்தது. என் மனுசனின் பெயர் பற்றிக்; அவர் முதுகு போய் நான்கு வருடமாக வீட்டில். நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் எங்கள் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ற் இல்லை. இந்த வேலை போனால் ஐம்பத்தெட்டு வயதுக் கிழவியை யார் எடுப்பார்கள்? இதையெல்லாம் யோசித்தேன். யோசிக்கவில்லை என்று சொன்னால் இன்னொரு பொய்.

ஆனால் அந்த மனிதர் போனைத் துடைத்தது கண்ணுக்குள் நின்றது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு இன்னும் பதினான்கு மாதம் இந்த மேசையில் இருக்க என்னால் ஏலாது என்று பட்டது. எழுதினேன். 2011 இல் செத்தது பெரியம்மா, 2016 இல் சின்னம்மா. அவர் என்னிடம் உண்மையைத்தான் சொன்னார். அம்மா என்று அடையாளமிட்டது நான். வெள்ளம் தலைக்கு மேல் போனபின் சாண் என்ன முழம் என்ன? இப்படி முப்பத்தொரு படிவம் இருக்கிறது, எல்லாம் என் வேலை, கையெழுத்து வைத்தவர்கள் ஒருவருக்கும் தெரியாது என்று அதையும் சேர்த்து எழுதினேன். நானூற்று எண்பது எழுத்துக்குள் இருபத்திரண்டு வருடம் அடங்கிவிட்டது. அனுமதிப் பொத்தானை அமத்தினேன்.

பின்னேரம் பேரின்பநாதன் தொலைபேசி எடுத்தார். நெடுஞ்சாலை இரைச்சல் கேட்டது.

“பாதி வழி, கிங்ஸ்ரன் தாண்டிட்டன் அக்கா. லீவு வந்திட்டுது. கீழ அனுதாபமும் தெரிவிச்சிருக்கு. நீங்களோ எழுதினது?”

“இல்லை, அது மிஷின்ர அனுதாபம். கவனமாய் ஓடும்.”

அதற்குள் எனக்கும் ஒரு செய்தி வந்திருந்தது. திங்கட்கிழமை ஒன்பது மணிக்குச் செலீனுடன் சந்திப்பு. அதையும் மிஷினே நாள் பார்த்து வைத்திருந்தது.

திங்கட்கிழமை செலீனின் அறையில் உட்கார்ந்தபோது சுவரில் ஒன்பது மணி. இப்போது அங்கே பேரின்பநாதன் பொத்தானை அமத்தியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

செலீன் கோபக்காரி இல்லை. அவளும் என்னைப் போலக் களைத்தவள்தான். “ஏன் தெரேஸ்?” என்றாள். “அம்மா என்றால் ஒருவர்தானே?”

“உங்களுக்கு ஒருவர். எங்களுக்கு அம்மாவின் சகோதரிகளும் அம்மாதான். சாவு வந்தால் அதே அழுகைதான். உங்கள் படிவத்தில் அதற்கு இடமில்லை. நான் இருந்த இடத்தில் எழுதினேன்.”

“மத்தியூ கேட்டபோது சொல்லியிருக்கலாமே. ஒரு கட்டம் சேர்த்திருப்பான்.”

“எத்தனை நாள் போட்டிருப்பான்?”

கட்டம் சேர்த்தாலும் நாள் பூச்சியம்தான் என்று இரண்டு பேருக்கும் தெரியும். செலீன் திரையில் அந்த முப்பத்தொரு படிவப் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். திடீரென்று நிறுத்தினாள்.

“உங்கள் பெயரில் ஒன்றுகூட இல்லை. மற்றவர்களுக்கெல்லாம் போட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு ஒருவரும் சாகவில்லையா?”

அதை அவள் கேட்டிருக்கக்கூடாது.

என் தாய் எனக்கு நான்கு வயதில் போய்விட்டாள். வளர்த்தது அவளுடைய கடைசித் தங்கச்சி, என் குஞ்சம்மா. எனக்காகவே கலியாணம் கட்டாமல் இருந்தவள். 2019 மாசியில் மன்னாரில் செத்துப்போனாள். அன்று நான் பஸ் ஏறி வேலைக்கு வந்தேன். மற்றவர்களுடைய படிவத்தில் புள்ளடி மட்டும்தான் என்னுடையது. என் படிவத்தில் கையெழுத்தும் என்னுடையதாக இருக்குமே. பயந்தேன். அன்று பகல் வேறொருவருடைய பெரியப்பாவுக்கு ஐந்து நாள் எழுதிக் கொடுத்தேன். பிறகு மாற்று ஆள் தேடிப் பதினொரு பேருக்குத் தொலைபேசி எடுத்தேன். மறுநாள் விடிய, மன்னாரில் சவப்பெட்டியை மூடும் நேரமும் நான் ஒருவரிடம், “ஒரு சிப்ற் வேலைக்கு வாறியளோ?” என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

இதைச் செலீனுக்குச் சொன்னேன். சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது. ஏழு வருடத்து அழுகை. அவள் கண்ணைத் துடைக்கக் கடதாசிக் கைலேஞ்சிப் பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு திரையைப் பார்த்து வாசித்தாள். பழைய படிவங்களைத் தோண்டப்போவதில்லையாம். பேரின்பநாதனின் பெயரில் இருந்த விசாரணை நீக்கப்பட்டதாம். நான் இனி லீவுப் பக்கம் வரக்கூடாது. துவாய் எண்ணும் மேசைக்குப் போக வேண்டும். பிழையான பதிவுக்குத் தண்டனை மிஷினில் ஏற்கெனவே எழுதியிருந்தது.

“நாளையிலிருந்து ஐந்து நாள் வேலைக்கு வரக்கூடாது, தெரேஸ். சம்பளமில்லை.”

“எத்தனை நாள்?”

“ஐந்து.”

எனக்குச் சிரிப்பு வந்தது. செலீன் பயந்துபோனாள்.

வீட்டுக்கு வந்து மூன்று மாடியும் ஏறியபோது பற்றிக் குசினியில் சோற்றுக்கு உலை வைத்துக்கொண்டிருந்தார். நேரத்தோடு வந்ததைக் கண்டு திரும்பினார்.

“என்னவாம்? நிப்பாட்டிப் போட்டாங்களோ?”

“இல்லை. அஞ்சு நாள் வீட்டை இருக்கட்டாம்.”

“அஞ்சு நாளோ? அஞ்சு நாளும் என்ன செய்யப்போறீர்?”

கோட்டைக் கழற்றாமல் கதிரையில் இருந்தேன். “குஞ்சம்மாவின்ர செத்தவீடு” என்றேன்.

பற்றிக் அடுப்பை அணைத்து உலைப்பானையை இறக்கிவைத்தார். அதற்குப் பிறகு அன்று எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை.