பழைய வரி எது

மதிப்புப் போடும் அதிகாரி வருவதற்கு முன்னாலேயே ரோட்டைப் போட்டு முடித்ததுதான் மேஸ்திரி செய்த தப்பு.

நகராட்சியின் கை காலி. அதனால் ஒப்பந்தம் இப்படி: ஊருக்கு வெளியே புதர் மண்டிக் கிடந்த நிலத்துக்குச் சாக்கடைக் குழாயும் ரோடும் மேஸ்திரி தன் செலவில் போடவேண்டும். அதனால் நிலத்தின் மதிப்பு ஏறும், வீடுகள் எழும்பும், சொத்து வரி கூடும். கூடுகிற பங்கு மட்டும் வருஷாவருஷம் அவருக்கு. பழைய வரி நகராட்சிக்கு. மேஸ்திரி, மனைவியின் தம்பி வீட்டை அடமானம் வைத்துக் குழாயும் ஜல்லியும் வாங்கினார். ஆட்களை மூச்சுவிடாமல் விரட்டினார். அதிகாரி வந்த அன்று, "செருப்பக் கழட்டிட்டு நடந்து பாருங்க சார், ஒரு கல்லு குத்தாது" என்று பெருமையடித்துக்கொண்டார்.

இப்போது நகராட்சி எழுத்தர் அவர் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"அதிகாரி மதிப்புப் போட்ட அன்னைக்கு இருந்த வரிதாண்ணே பழைய வரி. அவர் வந்தப்ப புதராவா இருந்துச்சு? ரோட்டோர மனைன்னு எழுதிட்டார். ஏறவேண்டியது அன்னைக்கே ஏறிடுச்சு."

"ஏத்தினது நான்தானே?"

"நீங்கதான். இல்லைன்னு யாரு சொன்னா?"

"வீடு வந்தா இன்னும் ஏறும்ல?"

"வந்தா ஏறும். அந்த வரியைக் கேட்டுட்டு, மனைக்கு முன்பணம் கொடுத்தவனே பின்வாங்கிட்டான்."

"திருத்தி எழுதச் சொல்ல முடியாதா?"

"மேல கையெழுத்தாகிப் போச்சுண்ணே. இனி அதுல யாரும் கை வைக்க மாட்டாங்க."

மேஸ்திரி நேரே ரோட்டுக்குப் போனார். வண்டி வாகனம் பார்க்காமல் அது கறுகறுவென்று கிடந்தது. அவருடைய மச்சான் கடைசிச் சாக்கடைக் குழியின் இரும்பு மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன மாமா, பணம் எப்ப வருதாம்?"

"வராதுடா. உன் வீடு போச்சு."

மச்சான் கைத்துணியால் கழுத்தைத் துடைத்தான். திட்டுவான் என்று மேஸ்திரி காத்திருந்தார். திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலை.

"என் பொண்டாட்டிகிட்ட நீங்களே வந்து சொல்லிருங்க" என்றான். "எனக்கு வாய் வராது."

"சொல்றேன். அத அப்படியே விட்டுட்டு எந்திரி, போவோம்."

"மூடாம விட்டா எவனாவது விழுவான் மாமா."

"இங்க எவன்டா வரப்போறான்?"

மச்சான் மறுபடி மூடியிடம் குனிந்தான். ஒற்றை ஆளுக்கு அந்த மூடி அசையவில்லை. மேஸ்திரி வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்ப் பிடித்தார்.