பாறையில் அம்பு இல்லை

காலை ஆறு மணிக்கு அருவிப் பாதையில் ஏறிய விடுதி விருந்தாளி எண்டாங் அம்மா பத்து மணிக்குள் இறங்கி வந்திருக்க வேண்டும். பன்னிரண்டாகியும் வரவில்லை. தியுர்மா வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தாள். மீன் தீய்ந்த வாசனை மூக்கில் ஏறிய பிறகுதான் அடுப்பின் நினைவே வந்தது.

தோபா ஏரிக்கரையில் நான்கு அறைகளுடன் ஒரு சின்ன விடுதி நடத்துகிறவள் தியுர்மா. ஊருக்குப் பின்னால் சுவர் போல எழும்பி நிற்கும் மலையில் புதர் வெட்டி மூன்று நடைபாதைகள் போட்டவளும், வழி பிரியும் இடங்களிலெல்லாம் மஞ்சள் வண்ணத்தில் அம்பு வரைந்தவளும் அவள்தான். அந்தப் பாதைகளுக்காகவே மேதான் நகரத்திலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"ஒரு மனுஷி கூடுதலா ரெண்டு மணி நேரம் உக்காந்து ஏரியப் பாக்கக் கூடாதா? நீ ஏன்டி கால்ல தணல் பட்ட மாதிரி துடிக்கிறே?" என்றாள் பக்கத்துக் கடை லம்ரியா.

"அவங்க முப்பது வருஷம் வாத்தியாரா இருந்தவங்க. பத்துன்னா பத்துதான். போனும் கிடைக்க மாட்டேங்குது."

"மேல எங்கே சிக்னல் இருக்கு?"

தியுர்மாவை அரித்துக்கொண்டிருந்தது வேறொன்று. முந்தின நாள் மாலை சகாலா வந்து சத்தம் போட்டுவிட்டுப் போயிருந்தான். பாதை அவனுடைய காப்பித் தோட்டத்தின் ஓரமாகத்தான் போகிறது. "இன்னொரு தடவை உன் ஆளுங்க என் நிலத்துல கால் வைக்கட்டும், அப்புறம் பாரு" என்றிருந்தான். அவளும் விடவில்லை. "மலையையே உங்க அப்பன் எழுதி வச்சுட்டாரா?" என்று கேட்டிருந்தாள்.

தண்ணீர்ப் புட்டியும் ஒரு துண்டும் எடுத்துக்கொண்டு அவள் கிளம்பினாள். வழக்கமாக முக்கால் மணி நேரம் பிடிக்கும் ஏற்றத்தை அரை மணியில் ஏறினாள். பைன் மரங்களுக்குள் மேகம் இறங்கத் தொடங்கியிருந்தது.

பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் பாறையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். அம்பு இல்லை. யாரோ கல்லால் தேய்த்துச் சுரண்டியிருந்தார்கள். கீழே புல்லில் மஞ்சள் தூள் உதிர்ந்து கிடந்தது. வலப்பக்கம் அருவிக்குப் போகும் ஒற்றையடித் தடம். இடப்பக்கம் எருமைகள் மிதித்து அகலமாக்கிய வழி. புதிதாக வருகிற யாருக்கும் அதுதான் பாதை என்று தோன்றும். அது ஓடைப் பள்ளத்தில் போய் முடியும்.

அவள் இடப்பக்கம் ஓடினாள். "எண்டாங் அம்மா!" என்று கத்தினாள். கீழேயிருந்து ஓர் ஆண் குரல் பதில் கொடுத்தது. புதரை விலக்கிக்கொண்டு சகாலா வந்தான். சட்டை முழுக்க வியர்வை, முழங்கையில் முள் கிழித்த ரத்தம்.

"இத்தோ, காலையில ஒரு சிவப்புக் குடை இந்தப் பக்கம் போறதத் தோட்டத்திலேர்ந்து பாத்தேன். திரும்பி வரக் காணோம். ஒரு மணி நேரமாத் தேடுறேன்."

ஒரே குலத்துக்காரர்கள் என்பதால் இருவரும் ஒருவரையொருவர் 'இத்தோ' என்றுதான் அழைத்துக்கொள்வார்கள். உடன்பிறப்பு முறை. ஆனால் அந்த நிமிஷம் அந்தச் சொல்லைக் கேட்க அவளுக்குப் பற்றி எரிந்தது.

"அம்ப அழிச்சது நீங்கதானே?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "ஆமா."

"ஒரு உசுரு போயிருந்தா?"

"திட்டறத அப்புறம் திட்டு. அந்தப் பக்கம் நீ பாரு, இந்தப் பக்கம் நான் இறங்குறேன்."

இருபது நிமிஷத்தில் அவரைக் கண்டுபிடித்தது தியுர்மாதான். ஓடைக்கு மேலே ஒரு பாறை இடுக்கில் எண்டாங் அம்மா உட்கார்ந்திருந்தார். கணுக்கால் வீங்கிப் பூசணிக்காய் போல் இருந்தது. குடை பள்ளத்தில் கிடந்தது. கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்ததால் அவரால் கை மட்டும்தான் ஆட்ட முடிந்தது.

சகாலா அவரை முதுகில் தூக்கிக்கொண்டான். தியுர்மா பின்னால் தாங்கிக்கொண்டு வந்தாள். வழி பிரியும் இடத்துக்கு வந்ததும் எண்டாங் அம்மா கரகரத்த குரலில் கேட்டார்.

"தியுர்மா, எல்லா இடத்துலயும் அம்பு இருந்துச்சே. இங்க மட்டும் ஏன் இல்ல?"

மழையில் போயிருக்கும் என்று சொல்லிவிடலாம். தியுர்மாவின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் அவரைச் சுமந்துகொண்டிருந்தவனே பேசினான்.

"நான்தாம்மா சுரண்டினேன். தோட்டத்துல இருக்கிற எங்க அப்பா சமாதி மேல ஏறி உக்காந்து போட்டோ எடுக்கிறாங்க. காப்பிக் கன்னுகள மிதிக்கிறாங்க. கோவத்துல பண்ணிட்டேன்."

"வகுப்புல இருந்தா உங்கள வெளியில நிக்க வச்சிருப்பேன்" என்றார் எண்டாங் அம்மா. "இப்ப நீங்க நின்னா நான் எப்படிக் கீழ போறது? நடங்க."

"இவர் எங்கிட்ட மூணு தடவை சொன்னாரும்மா" என்றாள் தியுர்மா. சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொன்னதல்ல, தானாக வந்தது. "நான் காதுல போட்டுக்கல."

படகு எண்டாங் அம்மாவை அக்கரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனது. எலும்பு முறியவில்லை என்று மறுநாள் காலை செய்தி வந்தது. அப்போதும் தியுர்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நேராகக் காப்பித் தோட்டத்துக்கு ஏறிப் போனாள். சமாதித் திட்டில் பிஸ்கட் உறைகள் கிடந்தன. சிலுவைக்கு அடியில் யாரோ பேனாவால் இரண்டு பெயர்களை எழுதி நடுவில் இதயம் வரைந்திருந்தார்கள். அவள் துண்டை நனைத்துத் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை.

சகாலா அரிவாளோடு வந்து நின்றான். "சமாதிய விட்டு, இந்த மேட்டுக்கு அந்தப் பக்கமாப் பாதையத் திருப்பலாம். அங்கேர்ந்து ஏரி முழுசாத் தெரியும்."

"அங்க சறுக்குமே."

"படி வெட்டிட்டாச் சறுக்காது."

"யாரு வெட்டுறது?"

"பின்ன எதுக்கு அரிவாளத் தூக்கிட்டு வந்திருக்கேன்?"

"அரிவாளால படி வெட்டுற ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன். போய் மண்வெட்டி எடுத்துட்டு வாங்க" என்றாள் தியுர்மா. அவன் திரும்பி வரும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல், மேட்டின் அந்தப் பக்கம் புல்லை மிதித்து வழி பார்க்கத் தொடங்கினாள்.