வானொலி இணைப்புக்கும் ஒரு பங்கு

கிளைக்கும் தலைமையகத்துக்கும் இடையிலான இணைப்பு இரண்டிலும் பழுதில்லை. கோப்புகள் சேதமில்லாமல் போய்ச் சேர்ந்தன. பேச்சு மட்டும் ஏன் உடைகிறது என்று தம்பிக்குப் பிடிபடவில்லை. தலைமையகம் வழியாக வரும் ஆம்புலன்ஸ் அழைப்புகளை எடுக்கும் அந்தக் கிளை அறையில் அக்கா ஒருத்திதான். நெட்வொர்க் அவன் பொறுப்பு.

"எல்லார்கிட்டயும் முகவரியை மூணு தடவை கேக்குறீங்கம்மா. நாளையிலேர்ந்து சீட்டுல வேற ஆள். நீங்க காது டெஸ்ட் எடுத்துட்டு வாங்க," என்றார் மேற்பார்வையாளர்.

"பக்கத்து ரூம்ல என்னைத் திட்டினீங்களே, அது நல்லாக் கேட்டுச்சே சார்," என்றாள் அக்கா.

தம்பியின் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தது. எல்லாம் வேகமான கண்ணாடியிழைக் கேபிளில் போக, மெதுவான, கம்பியில்லாத வானொலி இணைப்பு சும்மா கிடந்தது. சும்மா இருப்பானேன் என்று, வேகத்துக்கேற்பப் பங்கு பிரித்தவன் அவன்தான்: பாக்கெட் எனும் தரவுத் துணுக்குகளில் மூன்று கண்ணாடியிழையில், ஒன்று வானொலியில். பாராட்டும் வாங்கியிருந்தான்.

தலைமையகத்தில் ஒருவரைப் போனில் செய்தித்தாள் படிக்கச் சொல்லி, அக்காவைக் கேட்க வைத்துவிட்டு, வானொலி இணைப்பைப் பிடுங்கினான்.

"இப்ப?"

"தெளிவா இருக்குடா."

அதைச் செருகி, கண்ணாடியிழையைப் பிடுங்கினான். அப்போதும் தெளிவு. இரண்டையும் செருகினான்.

"போச்சு. மறுபடி கத்திரி போடுது."

புரிந்துவிட்டது. பேச்சு துணுக்குத் துணுக்காகத்தான் பயணம் போகிறது. வானொலியில் போன நான்காவது துணுக்கு, பின்னால் கிளம்பியவற்றுக்கும் பின்னால் வந்து சேர்கிறது. கோப்பு என்றால் காத்திருந்து வரிசையாக அடுக்கிக்கொள்ளலாம். போனுக்கு அந்தப் பொறுமை ஏது? பேச்சு அதற்குள் கடந்துவிடும். பிந்தி வந்ததைப் போன் தூக்கி எறிந்துவிடும்.

"ஏன்டா பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"உன் காதுல ஒண்ணுமில்லக்கா. நான் பண்ணின வேலை இது."

"எனக்குக் காது போச்சுன்னு நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன்டா. ஒரு பெரியவர் அழுதுக்கிட்டே தெருப் பேரைச் சொல்றார், எனக்கு விளங்கல…"

நேரே மேற்பார்வையாளரிடம் போனான். "டெஸ்ட் எடுக்கணும்னா என் மண்டைக்கு எடுங்க சார். தப்பு என்னோடது. அக்கா சீட்டு அக்காவுக்கே இருக்கட்டும்."

"முதல்ல சரி பண்ணு. அப்புறம் உன்னைப் பாத்துக்கறேன். அவங்க இருக்கட்டும்."

இரு முனை ரூட்டர்களிலும் அவன் மாற்றி எழுதியது இவ்வளவுதான்: பேச்சோ கோப்போ, ஒன்றின் பாக்கெட்டுகள் எல்லாம் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே வழியில், வரிசை கலையாமல் போகும். மூன்றுக்கு ஒன்று என்ற பங்கை இனி பாக்கெட்டுகளுக்குள் போடாமல், முழுப் பேச்சுகளுக்கும் முழுக் கோப்புகளுக்கும் இடையே ரூட்டர் போடும்.