ஜொஹரா பீவியின் டின் அத்திகள்

மட்டாஞ்சேரியில் எங்கள் வரிசை வீடுகளில் கடைசி அறை ஜொஹரா பீவியுடையது. மிளகுக் கிடங்கில் சாக்குத் தைப்பவள், கணவன் இல்லை. எழுபத்தெட்டாம் வருஷம் அவளுக்குத் தோட்ட ஆசை வந்தது. கப்பலில் சமையல்காரனாக இருந்த தம்பி பரீத், பஸ்ராவிலிருந்து ஈரத்துணியில் சுற்றி மூன்று குச்சிகள் கொண்டுவந்தான். சீமை அத்தி. எண்ணெய் டின்களில் நட்டாள். இந்த மழையில் அழுகிவிடும் என்று நாங்கள் அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டோம். அவளோ டின்னின் அடியில் ஆணியால் துளைபோட்டு, ஓட்டுச் சில்லு பரப்பி, மழைக்குக் கூரையடியும் வெயிலுக்கு முற்றமுமாக இழுத்துக்கொண்டே இருந்தாள். பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிறவள்கூட அவ்வளவு அலைந்திருக்க மாட்டாள்.

மூன்றாம் வருஷம் ஒரு டின் மரத்தில் பட்டாணி அளவில் காய் தெரிந்தது. அந்த வாரமே திருப்பூணித்துறையிலிருந்து வீட்டுக்காரர் வெங்கிடேஸ்வரன் வந்து நின்றார். யார் சொன்னார்களோ! பக்கத்து அறை சீனியம்மாள் அன்று வாயே திறக்கவில்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

“ஆலும் அத்தியும் ஒரே ஜாதி. வேர் சுவத்தைப் பொளந்துடும். இதையெல்லாம் தூக்கிப் போடு. இல்லேன்னா அறையைக் காலி பண்ணு.”

“அதெந்தா சாமி, மரம் டின்னுலயல்லவா இருக்கு?”

“அது டின்னுன்னு வேருக்குத் தெரியுமா?”

“பாத்துக்கோங்க.” முதல் டின்னைத் தூக்கிக் காட்டினாள். இரண்டாவதையும் காட்டினாள். மூன்றாவது அசையவில்லை. இடம் மாற்றினால் காய் பிடிக்காதோ என்று பயந்து, நன்றாகத் தழைத்திருந்த அதை மட்டும் மாதக்கணக்காக நகர்த்தாமல் விட்டிருந்தாள். துளை வழியே விரல் தடிமன் வேர் இறங்கி, சுவரோரமாக மண்ணுக்குள் போயிருந்தது.

“இப்போ என்ன சொல்றே?” சாமியின் முகத்தில் கல்யாணக் களை.

அவள் உள்ளே போய் மீன் வெட்டும் கத்தியோடு வந்தாள். சாமி இரண்டடி பின்வாங்கியதை எல்லாருமே பார்த்தோம். டின்னைச் சாய்த்து வேரை அறுத்தாள். மண்ணுக்குள் இருந்ததையும் தோண்டி இழுத்து அவர் காலடியில் போட்டாள்.

“அய்யோ, காய்ச்ச மரமாச்சேடி!” சீனியம்மாளுக்கு அப்போதுதான் பேச்சு வந்தது.

வேர் குறைந்தால் மேலேயும் குறைக்க வேண்டுமாம். கிளைகளையும் காயோடு சேர்த்து வெட்டினாள்.

“உங்க தரையில இருந்த வேரு, நீங்களே எடுத்துக்கோங்க. இனி டின்னு செங்கல் மேல நிக்கும், அடியில காத்துதான். வேரு எட்டிப் பாத்தா நானே அறுப்பேன். அறையும் காலியாகாது, மரமும் போகாது. போலீஸக் கூட்டிட்டு வாங்க சாமி, சாயா போட்டுத் தர்றேன்.”

மழையே இல்லாத அந்த மத்தியானத்தில் சாமி குடையை விரித்துக்கொண்டு போனார்.

அடுத்த முறை அவர் வந்தபோது மொட்டை மரம் துளிர்த்திருந்தது. வெட்டிய கிளைகளையும் அவள் வீணாக்கவில்லை. துண்டு துண்டாக்கி, ஒவ்வொன்றையும் ஒரு டின்னில் ஊன்றியிருந்தாள். எல்லாம் செங்கல் மேல், அவர் நடந்து வருகிற வழியின் இரண்டு பக்கமும். சாமி வேட்டியை இழுத்துப் பிடித்து, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்தார்.

“இலையில இடிக்காமப் போங்க சாமி,” என்றாள் ஜொஹரா பீவி, தைத்துக்கொண்டிருந்த சாக்கிலிருந்து தலையைத் தூக்காமல். “பால் பட்டா அரிக்கும்.”