ஷாமிளா பேருக்கு வந்த பதில்

எல்லாருக்கும் வணக்கங்க. சுகமா இருக்கீங்களா? வீட்டுல சின்னது பெருசு எல்லாம் நல்லா இருக்காங்களா? மழ காலம், காச்சல் இருமல்னு படுத்துறாம கொத்தமல்லி அவிச்சுக் குடிங்க. இங்க வானம் பொத்துக்கிட்டு ஊத்துது. இப்படி ஊத்துற நேரமெல்லாம் ஜீவராணி கததான் ஞாபகம் வருது. சொல்றேன், கேளுங்க.

ரெண்டாயிரத்து எட்டாம் வருசம். தெஹியோவிட்டயில இருந்து மேல ஏறுனா ஒரு ரப்பர் தோட்டம். அங்க ஒரே லயத்து வரிச வீட்டுல, அடுத்தடுத்த காம்பிரா அறையில பொறந்து வளந்ததுங்க ஜீவராணியும் ஷாமிளாவும். ஏ.எல். பரீட்ச முடிச்சுட்டு ரெண்டும் தோட்டத்து ஸ்கூல்ல தொண்டர் டீச்சரா இருந்துச்சுங்க. தொண்டர்னா தெரியும்ல, எந்த நேரமும் "நாளைக்கு வர வேணாம்"னு சொல்லிப்புடலாம். நெரந்தரமாகணும்னா டிப்ளோமா வேணும். கொழும்புல போய் தங்கிப் படிக்க யாரால முடியும்? அந்த நேரந்தான் கம்ப்யூட்டர்லயே படிக்கிற தூரக் கல்வி வந்துச்சு. ரெண்டும் சேந்துச்சுங்க.

டவுன்ல ஸப்வான் நானாவோட கம்ப்யூட்டர் கடை. கீழ செருப்புக் கடை, மேல பலகையால தடுத்து, தெரச்சீல போட்டு, கூண்டு கூண்டா வச்சிருப்பாரு. சனிக்கிழமை பின்னேரம் வேலுசாமி சேர் கொழும்புல இருந்து பேசுவாரு. காதுல மாட்டுற செட்டுல அவரு கொரல் மட்டுந்தான் வரும், மூஞ்சி தெரியாது. புள்ளைங்க பதிலுக்குப் பேச முடியாது, டைப் அடிக்கணும். மொதல்ல சேர் ஒவ்வொரு பேரா கூப்புடுவாரு. கூப்புட்ட ஆளு "வந்துட்டேன்"னு அடிக்கணும். அடிச்சா பேருக்குப் பக்கத்துல பச்சையா ஒரு புள்ளி வரும். தொடந்து மூணு வகுப்பு வராட்டி பேர வெட்டிருவாங்க. அதுதான் சட்டம்.

ஷாமிளாவுக்கு அது ரொம்பப் புடிச்சிருந்துச்சு. திரும்பி வர்ற பஸ்ஸுல ஒரே பெரும தான்.

"இதுதான்டி சொர்க்கம். டவுன் ஸ்கூல்ல நம்மள கடைசி பெஞ்சுல தள்ளி, 'தோட்டத்துப் புள்ளைங்க, கால கழுவிட்டு வாங்க'ன்னாங்களே, ஞாபகம் இருக்கா? இங்க என் காலு யாருக்குத் தெரியுது? செருப்பக் கழட்டிப் போட்டுட்டு பெரிய எடத்து நோனா மாதிரி ஒக்காந்துருக்கேன்."

"உன் கால் நாத்தம் எனக்குத் தெரியுது."

"மூக்கப் பொத்திக்க. பாடத்த காதால தானே கேக்குற?"

ஜீவராணிக்கு மனசு ஒட்டல. "எனக்குப் புரியுதா இல்லையான்னு அந்த மனுசனுக்கு எப்படிடி தெரியும்? நம்ம வகுப்புல ஒரு புள்ள சாப்புடாம வந்தா கண்ணப் பாத்தே சொல்லிருவேன். இங்க நான் செத்துக் கெடந்தாலும் சேருக்குத் தெரியாது."

"நீ செத்தா நான் அடிக்கிறேன்டி, ஜீவராணி வந்துட்டேன்னு!"

பஸ்ஸே திரும்பிப் பாக்குற மாதிரி சிரிச்சுச்சுங்க.

இந்தச் சிரிப்புக்குப் பின்னால ஒரு வழக்கம் இருக்குங்க. தோட்டத்துல காலையில பெரட்டுக் களத்துல பேர் கூப்புடுவாங்க. ஒருத்திக்கு ஒடம்பு முடியாம பிந்திருச்சுன்னு வைங்க, பக்கத்துல நிக்கிறவ கொரல மாத்தி "இருக்கேங்கய்யா"ன்னுருவா. கங்காணிக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருந்துக்குவாரு. அதுக்குள்ள அவ ஓடியாந்து மலைக்கு ஏறிருவா. யாரும் அத பொய்யின்னு நெனைக்கிறதில்ல. நமக்கு நாளைக்கு அவ சொல்லுவா, அவ்வளவுதான். பேர் வெட்டுப்பட்டா லயத்துல மானம் போன மாதிரி.

அந்த வருசம் எலிக்காச்சல் எங்க பாத்தாலும். ஷாமிளாவும் விழுந்துட்டா. கண்ணு மஞ்சளாகி, ஆஸ்பத்திரியில படுத்திருந்தா. ஜீவராணி பாக்கப் போனப்ப கையப் புடிச்சுக்கிட்டா. கை சுட்டுச்சு.

"சனிக்கிழமை நீயே என் பேருக்கும் அடிச்சுரு. வெட்ட விட்றாதடி."

"அதெல்லாம் நான் பாத்துக்கிறேன். நீ மொதல்ல கஞ்சியக் குடி."

ஜீவராணி சொன்ன மாதிரியே ஷாமிளா ஒக்கார்ற கூண்டுல போயி அவ பேருக்கு அடிச்சுட்டு, தன் கூண்டுக்கு ஓடியாந்து தன் பேருக்கும் அடிச்சா. அடுத்த சனிக்கிழமையும் அடிச்சா. அதுக்கு அடுத்த சனிக்கிழமை வர்றதுக்குள்ள ஷாமிளாவ எரிச்சுட்டாங்க.

ஸ்கூல்ல அவ நாற்காலி காலியா கெடந்துச்சு. சின்னதுங்க அதப் பாத்துப் பாத்து அழுதுச்சுங்க, அப்புறம் அழுது முடிச்சு, ஒரு நாள் அதுல பைய வச்சுதுங்க. அங்க எல்லாருக்கும் தெரியும், ஷாமிளா டீச்சர் இல்லன்னு. கம்ப்யூட்டர்ல மட்டும் அவ சாகல. சேர் "ஷாமிளா"ன்னு கூப்புடுறப்ப ஜீவராணி கை தானா போயி அடிச்சுச்சு. பச்சைப் புள்ளி வந்துச்சு. வெட்ட விட்றாதன்னு சொன்னாளே, எப்படி வெட்ட விடுறது? இது தெரிய வந்தா டிப்ளோமாவும் போயிரும், வேலையும் போயிரும்னு ஜீவராணிக்குத் தெரியாம இல்ல. பயந்துக்கிட்டேதான் வாரா வாரம் அடிச்சா.

ஒரு சனிக்கிழமை பேய் மழ. ரோட்டுல மண்ணு சரிஞ்சு பஸ்ஸ நிப்பாட்டிட்டாங்க. நனஞ்சு ஊறிப் போயி கடைக்கு வந்து சேர்றப்ப வகுப்பு தொடங்கிருச்சு. நானா கவுண்டர்ல இல்ல. ஷாமிளா கூண்டுல ஆளில்ல, கம்ப்யூட்டர் அணஞ்சு கெடக்கு. ஜீவராணி தன் எடத்துல ஒக்காந்து செட்ட மாட்டுனா.

அவ பேருக்குப் பக்கத்துல புள்ளி இல்ல. ஷாமிளா பேருக்குப் பக்கத்துல இருக்கு. பச்சையா.

"வந்துட்டேன்"னு எழுதியும் இருக்கு.

ஜீவராணி திரைக்கிட்ட குனிஞ்சா. பாத்துக்கிட்டு இருக்குறப்பவே ஷாமிளா பேருல இன்னொரு வரி வந்து விழுந்துச்சு. "சேர், பேர இன்னொருக்கா கூப்புடுங்க."

செட்டுல சேர் லேசா சிரிச்சாரு. "என்ன ஷாமிளா, காது கேக்கலையா? சரி. ஷாமிளா... ஷாமிளா..."

அந்த நேரம் கரண்டும் போச்சு. செட்டுல சத்தமே இல்ல. ஆனா பலகைகளுக்கு அந்தப் பக்கம் எங்கயோ யாரோ மூச்ச இழுத்து விடுறது கேட்டுச்சு. ஜீவராணி எழும்பி ஓடுனா பாருங்க, ஒத்தச் செருப்பு படியில நின்னுருச்சு.

மறுநாள் முனியாண்டி கோயில்ல கயிறு கட்டிக்கிட்டா. ஸ்கூல்ல எடாப்ப எடுத்து புள்ளைங்க பேர் கூப்புடக்கூட வாய் வரல. புள்ளைங்க ஒண்ணொண்ணா எழும்பி "டீச்சர், நான் இருக்கேன்"னு அதுங்களாவே சொல்லிச்சுங்க. அதுங்க மூஞ்சியப் பாத்தப்பதான் கொஞ்சம் உசுரு வந்துச்சு.

அடுத்த சனிக்கிழமை போகாம இருக்க முடியுமா? போனா. ஷாமிளா பேர தொடவே இல்ல. சேர் கூப்புட்டாரு. பச்சைப் புள்ளி வந்துச்சு.

ஜீவராணி செட்டக் கழட்டிட்டு குனிஞ்சா. எல்லாக் கூண்டு பலகைக்கும் கீழ சாண் எடம் விட்டிருக்கும். கடைசிக் கூண்டுல ரெண்டு காலு தெரிஞ்சுச்சு. வெடிச்சுப் போன பாதம். வெரலெல்லாம் ரப்பர் பால் காஞ்சு கறுத்துப் போயி.

போயி தெரச்சீலய இழுத்தா. ஷாமிளாவோட அம்மா இருளாயி ஒக்காந்துருக்கு. காதுல செட்டு, கண்ண மூடியிருக்கு. பக்கத்துல முக்காலியில காலத் தூக்கி வச்சு, டைப் அடிக்கிற கையோட நானா.

"பெரியம்மா!"

"ஸ்ஸ், சும்மா இரு புள்ள. திரும்பக் கூப்புடப் போறாரு."

ஜீவராணி நானாவப் பாத்தா. அவரு நெத்தியத் தேச்சாரு. "ஐயோ தங்கச்சி, நீங்க அந்தப் பேருக்கு அடிக்கிறது எனக்குத் தெரியுந்தானே. அம்மா வந்து மக ஒக்காந்த எடத்தக் காட்டச் சொன்னாங்க. காட்டினேன். செட்ட வச்சு விட்டேன். அந்த மழ பெஞ்ச அன்னிக்கு சேர் பேரக் கூப்புட்டதும் அம்மா அழுதாங்க பாருங்க, எனக்கு வேணாம்னு சொல்ல மனசு வரல்ல. ஓரமா இருக்கட்டும்னு இங்க மாத்தி விட்டேன்."

"எனக்கு ஒரு வார்த்த சொல்லப்படாதா நானா? நான் பேயின்னு நெனச்சு கயிறு கட்டிக்கிட்டு கெடக்கேன்!"

இருளாயி கண்ணத் தொறந்துச்சு. "லயத்துல அவ பேர ஒருத்தரும் எடுக்க மாட்டேங்குறாங்க புள்ள. நான் எடுத்தாலும் பேச்ச மாத்துறாங்க. அவ அப்பன் எழும்பி வெளிய போயிர்றான். இந்த ஒரு மனுசன்தான் வாரா வாரம் கூப்புடுறாரு, அவ இருக்குற மாதிரியே. நீ சாமி கும்புட்டு கயிறு கட்டிக்க, எனக்கு இது போதும்."

பேயி இல்லன்னு தெரிஞ்சும் ஜீவராணிக்கு பயம் போகல. அவதானே அந்தப் பேர உசுரோட வச்சிருக்கா?

அன்னிக்கே சேர் கடைசியில சொன்னாரு, வர்ற மாசம் ரத்னபுரியில நேரடி வகுப்பு, எல்லாரும் வரணும், வராதவங்க பரீட்ச எழுத முடியாதுன்னு.

"அன்னிக்கும் பேர் கூப்புடுவாருல்ல?" இருளாயி கேட்டுச்சு.

"கூப்புடுவாரு பெரியம்மா."

"அப்ப நானும் வர்றேன்."

வேணாம்னு ஜீவராணி எவ்வளவோ சொன்னா. கேக்கல. அன்னிக்கு ரப்பர் பால் வெட்டுக்கு லீவு போட்டுட்டு, ஷாமிளாவோட செருப்பப் போட்டுக்கிட்டு பஸ் ஏறிருச்சு.

ரத்னபுரியில ஒரு ஸ்கூல் மண்டபம். பெஞ்சு, மேச, கரும்பலகை. இத்தன நாள் பேரா மட்டும் இருந்ததெல்லாம் மூஞ்சியா ஒக்காந்துருக்கு. "நீங்கதானா முத்துவீரன்? நான் என்னமோ தாடி வச்ச ஆளுன்னு நெனச்சேன்!" ஒரே சிரிப்பு, பேச்சு. வேலுசாமி சேரு கூட குள்ளமா, சாதாரண மனுசனா இருந்தாரு. ஜீவராணி ஒக்காந்த பெஞ்சுல பக்கத்துல ஒரு எடம் காலி. யாரோ ஒரு பொண்ணு ஒக்கார வந்துட்டு, என்ன நெனச்சுச்சோ, தள்ளிப் போயிருச்சு. இருளாயி வாசப்படி ஓரமா நின்னுச்சு.

சேர் கூப்புட ஆரம்பிச்சாரு. ஒவ்வொண்ணா எழும்பி நின்னாங்க. "ஜீவராணி." எழும்புனா, ஒக்காந்தா.

"ஷாமிளா."

சேர் நிமுந்து பாத்தாரு. "ஷாமிளா எங்க? ஒரு வகுப்பு கூட தவறவிடாத புள்ள. எழும்புங்க, மூஞ்சியப் பாப்போம்."

ஜீவராணிக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு, "இருக்கா சேர், வெளிய போயிருக்கா"ன்னு. பெரட்டுக் களமா இருந்தா சொல்லியிருப்பா. இங்க அத்தன கண்ணும் அந்தக் காலி எடத்தப் பாக்குது. அந்த எடத்துக்கு எப்படிங்க கொரல் குடுக்குறது? வாசல்ல இருளாயி கழுத்த நீட்டி, மக எழும்புவாளாங்குற மாதிரி பாத்துக்கிட்டு நிக்குது.

ஜீவராணி எழும்புனா.

"சேர், ஷாமிளா செத்துப் போயிட்டா. எலிக்காச்சல்ல. நான்தான் அவ பேருக்கு அடிச்சுக்கிட்டு இருந்தேன்."

சேர் கண்ணாடியக் கழட்டுனாரு.

"அப்ப... இன்னொருக்கா கூப்புடச் சொன்னது?"

"நான்தாங்கய்யா." வாசல்ல இருந்து இருளாயி. "நான் பெத்தவ. அந்தப் புள்ள மேல கோவப்படாதீங்க."

சேர் கண்ணாடிய மேசையில வச்சுட்டு கொரல எறக்கி சொன்னாரு, "நான் இத மேல சொல்லித்தான் ஆகணும் ஜீவராணி. இந்த வருசம் உங்களுக்குப் பரீட்ச இல்ல. பாடம் கேக்கலாம், அவ்வளவுதான். இந்தப் பேரையும் வெட்டணும்."

"வெட்டுங்கய்யா," இருளாயி சொல்லுச்சு. "வெட்டுறதுக்கு முன்ன ஒரு தடவ கூப்புடுங்க. இத்தன பேருக்கும் கேக்குற மாதிரி."

சேர் எழும்பி நின்னு கூப்புட்டாரு. "ஷாமிளா." சத்தமாத்தான் கூப்புட்டாரு. யாரும் பதில் சொல்லல. கூரையில மோதித் திரும்பி வந்துச்சு அந்தப் பேரு. இருளாயி காது குடுத்துக் கேட்டுச்சு. பதில் வரலன்னு நல்லா தெரிஞ்சதுக்கு அப்புறந்தான் அதுக்கு அழுக வந்துச்சு. அது வரைக்கும் வந்த அழுக வேற, இது வேற. ஜீவராணி ஓடிப் போயி புடிச்சுக்கிட்டா.

டிப்ளோமா ஒரு வருசம் தள்ளிப் போச்சு. தொண்டர் டீச்சராவே இருந்தா. ஆனா சனிக்கிழமை வகுப்ப விடல. அடுத்த வாரம் ஸப்வான் நானா கடையில ஒக்காந்தா, இருளாயியும் கூட வந்து ஷாமிளாவோட நாற்காலிய இழுத்துப் போட்டு ஒக்காந்துச்சு. பேர் வெட்டியாச்சு, எதுக்கு வர்ற பெரியம்மான்னு ஜீவராணி கேக்கல. செட்டுல ஒரு பக்கத்த அது காதுல வச்சா, மறு பக்கத்த தன் காதுல.

"ஜீவராணி," சேர் கூப்புட்டாரு. அவ "வந்துட்டேன்"னு அடிச்சா.

அடுத்த பேரக் கூப்புடுறதுக்கு முன்ன சேர் நின்னாரு. வாய் பழகிப் போச்சோ, வேணும்னுதான் நின்னாரோ, தெரியல. ஒரு மூச்சு விடுற நேரம். அந்த எடவெளியில செட்டுல ஒரு இரைச்சல், மழ மாதிரி, யாரோ பேச வாயெடுத்து நிப்பாட்டுன மாதிரி.

இருளாயி ஜீவராணி கையப் புடிச்சுச்சு.

"கேட்டியா?"

"கேட்டேன் பெரியம்மா."

அதுக்கு அப்புறம் சேர் அடுத்த பேரக் கூப்புட்டாரு.

அவ்வளவுதாங்க. உங்க வகுப்புலயும் இப்படி காலியாப் போன எடம் இருந்துச்சா? ஆளில்லாத பேருக்கு யாராச்சும் கொரல் குடுத்தாங்களா? பெஞ்சுல ஒக்காந்து படிச்சவங்களும் சரி, கம்ப்யூட்டர் முன்னால படிச்சவங்களும் சரி, உங்க கதைய எழுதி அனுப்புங்க. போன ஆளோட பேரையும் மறக்காம எழுதுங்க, நான் ஒரு தடவ வாய் விட்டு சொல்றேன்.