கமலம்மா விழுந்த இடம்

தினமும் காலை எட்டு மணிக்குப் பிரமிளா ஒரு முடிச்சுப் போடுவாள். கமலம்மாவைக் குளிப்பாட்டி, தலை வாரி, ஜன்னலோர நாற்காலியில் உட்கார வைத்த பிறகு, பழைய வாயில் புடவையில் கிழித்த பட்டையை அவள் இடுப்பைச் சுற்றிக் கொண்டுபோய் நாற்காலியின் பின்பக்கம் கட்டுவாள். கை எட்டாத இடத்தில் கட்ட வேண்டும் என்பது உத்தரவு.

"இன்னாத்துக்குடி கட்றே?" என்பாள் கமலம்மா.

"நீ கட்டில்லேருந்து எறங்கி உழுந்துட்டே இல்லம்மா, அதுக்குதான்."

"கட்டில்லேருந்தா? பாத்ரூம்ல இல்ல உழுந்தேன்!"

கமலம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. காலையில் தின்ற இட்லியை மதியம் மறந்துவிடுகிறவள் இதை மட்டும் மறக்கவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். பாவம், நினைவு தப்பிய கிழவி என்று எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போனார்கள். அவள் சொல்வது நிஜம் என்று அந்தக் கட்டடத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் மேனேஜர் விஜயராகவன். இன்னொருத்தி பிரமிளா.

திருப்பதியில் ரேணிகுண்டா சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் இருந்தது அந்த முதியோர் இல்லம். மூன்று மாடி, இருபத்தொரு பேர். பிரமிளா நகரிக்காரி. புருஷன் தாமோதரன் பவர்லூம் ஓட்டினான். அவள் ஆறு நாள் இங்கேயே தங்கி ஆயம்மா வேலை பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி வீட்டுக்குப் போய்வருவாள். நான்கு வருஷமாக இப்படி. வேலையில் அவளைக் குறை சொல்ல ஆளில்லை. படுத்த படுக்கையாக இருப்பவர்களை மணி பார்த்துத் திருப்பிப் போடுவாள். அவள் பார்த்துக்கொண்டவர் யாருக்கும் முதுகில் புண் வந்ததில்லை.

ஆடி மாதம் அது நடந்தது. மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. கூட வேலை பார்க்கும் பெண் மதியத்தில் வீட்டுக்குப் போய்விடுவாள். பிரமிளா மாடியில் படுக்கையில் இருந்த ஒரு தாத்தாவுக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள். கீழே கமலம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு தானே பாத்ரூமுக்குப் போனாள். ஈரத் தரை, பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கம்பி கிடையாது. விழுந்ததும் கையெட்டும் தூரத்தில் இருந்த காலிங் பெல்லை அமுக்கியிருக்கிறாள். அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறாள். அந்த பெல் அடிக்காமல் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது.

பிரமிளா இறங்கி வந்தபோது நாற்பது நிமிஷம் கழிந்துவிட்டது. கமலம்மாவின் மணிக்கட்டு ஒடிந்து தொங்கிக்கொண்டிருந்தது. "கூப்ட்டுக்கினே இருந்தேன்டி" என்று மட்டும் சொன்னாள்.

விஜயராகவன் தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கட்டுப் போட்டு முடிகிறவரை பக்கத்திலேயே நின்றார். கெட்ட மனுஷன் இல்லை. ஆள் வராத நாளில் தானே உட்கார்ந்து கிழவர்களுக்குச் சோறு ஊட்டுகிறவர். ஆனால் திரும்பி வந்ததும் ரிஜிஸ்டரை எடுத்து, 'யாரையும் கூப்பிடாமல் கட்டிலிலிருந்து தானாக இறங்கி விழுந்தார்' என்று எழுதிவிட்டார்.

"பெல் கெட்டுப்போனது வெளிய தெரிஞ்சா பாதி பேரு அவங்க ஆளைக் கூட்டிக்கினு போயிடுவாங்க பிரமிளா. இடத்த மூடிட்டு நாமெல்லாம் எங்க போறது? அன்னிக்கு டூட்டி வேற உன்னுது" என்றார்.

பிரமிளா கையெழுத்துப் போட்டாள். கமலம்மாவின் மகன் சாய்குமார் பெங்களூரிலிருந்து போனில் கேட்டான்: "சொன்ன பேச்சே கேக்காது எங்கம்மா. வலிக்காம ஏதாவது கட்டி வைக்க முடியுமா சார்?" அப்படி வந்ததுதான் அந்தப் புடவைப் பட்டை.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, பகல் பதினோரு மணிக்கு, யாமினி தன் அப்பா பாலசுப்பிரமணியனைக் கூட்டிக்கொண்டு இடம் பார்க்க வந்தாள். சித்தூரில் ஒரு கல்லூரி ஆபீசில் அவளுக்கு வேலை. லிப்ட் இல்லாத இரண்டாவது மாடி வீடு. மாமியார் ஏற்கெனவே அங்கே படுக்கையில் இருந்தார். அப்பாவுக்கு எழுபத்தாறு வயது, கை நடுக்க வியாதி. அம்மா போன பிறகு நகரியில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், போன மாதம் கொல்லைப்புறத்தில் விழுந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் அவள் இடம் தேட ஆரம்பித்தாள். இது நான்காவது இடம்.

யாமினி செல்போனில் கேள்விகளை எழுதி வைத்திருந்தாள். டாக்டர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருவார், மாத்திரை யார் கொடுப்பார்கள், தீப்பிடித்தால் நடக்க முடியாதவர்களை எப்படி இறக்குவீர்கள். கேட்கும்போதெல்லாம் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் போனையே பார்த்தாள். விஜயராகவன் தெலுங்கும் தமிழுமாகப் பொறுமையாகப் பதில் சொன்னார். பிரமிளா டீ தட்டோடு நின்றிருந்தாள்.

"இங்க யாராவது உழுந்திருக்காங்களா சார்?"

"இந்த வருஷம் ஒரே ஒருத்தர்மா. அதுவும் பேச்சக் கேக்காம கட்டில்லேருந்து எறங்கிட்டாங்க. இப்போ ஜாக்கிரதையா பாத்துக்கறோம்."

பிரமிளா சட்டென்று டீ தட்டை மேசைமேல் வைத்தாள். அதுவரை பேசாமல் இருந்த பாலசுப்பிரமணியன் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"ம்மா, கொஞ்சம் பாத்ரூம் வரைக்கும் கூட்டிக்கினு போறியா?"

போகும் வழியில் கமலம்மாவைக் கடந்தார்கள். இடுப்புப் பட்டையைப் பார்த்துப் பெரியவர் நின்றுவிட்டார். கமலம்மா வழக்கம்போல ஆரம்பித்தாள். "பாரு நைனா, பாத்ரூம்ல உழுந்ததுக்கு இங்க கட்டி வச்சிருக்காங்க."

பாலசுப்பிரமணியன் பட்டையின் முடிச்சை ஒருமுறை பார்த்துவிட்டு நடந்தார். பாத்ரூமுக்குள் வந்ததும் தரையைக் காலால் தேய்த்துப் பார்த்தார். சுவரைத் தடவினார். பிறகு நடுங்குகிற விரலை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு பெல்லை அமுக்கினார். எங்கும் சத்தம் கேட்கவில்லை. மறுபடியும் அமுக்கினார்.

"அடிக்கலியேம்மா."

"கரண்ட்டு..." என்று ஆரம்பித்த பிரமிளா, தலைக்கு மேல் விளக்கு எரிவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"முப்பத்தாறு வருஷம் ரயில்வேல சிக்னல் மெயின்டெய்னரா இருந்தேன். சிக்னல் சரியாக்கீதுன்னு எவன் சொன்னாலும் நாங்க நம்பறதில்ல. நாங்களே போட்டுப் பாக்கணும். இதுக்கு முன்ன பாத்த மூணு எடத்துலயும் பெல்ல அமுக்கிப் பாத்துட்டுதான் வந்தேன்." அவர் குரலில் கோபம் இல்லை. "எத்தினி நாளா அடிக்கல?"

பிரமிளா கதவைப் பார்த்தாள். யாரும் இல்லை. "அஞ்சு மாசமா" என்றாள். அந்த ஒரு சொல் வெளியே வந்ததும் மற்றதும் வந்துவிட்டது. கமலம்மா விழுந்தது, நாற்பது நிமிஷம், ரிஜிஸ்டர், கையெழுத்து, பட்டை. "நாந்தாய்யா அன்னிக்கு டூட்டி. நாந்தான் தெனமும் கட்றேன். அந்தம்மா நெஜத்தச் சொல்லும், நா பொய் சொல்லிக்கினே கட்டுவேன்."

பெரியவர் சுவரில் சாய்ந்து நின்றார்.

"நாப்பது நிமிஷமா? நா எங்கூட்டுக் கொல்லையில ஒன்றரை மணி நேரம் கெடந்தேன். வெயிலு மூஞ்சிக்கு வந்துது. தண்ணி தொட்டி எதிர்லியே தெரியுது, போவ முடியல. பொண்ணுகிட்ட பத்து நிமிஷம்னு சொல்லி வச்சிக்கீறேன். தெரிஞ்சா வேலைய விட்டுட்டு வந்து குந்திக்குவா." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வா. நானும் சொல்லிடறேன். நீயும் சொல்லு."

"வேல பூடும்யா."

"பூடலாம்" என்றார் அவர். போகாது என்று அவர் சொல்லவில்லை. அதனாலேயோ என்னவோ பிரமிளாவுக்குத் தைரியம் வந்தது.

ஆபீஸ் அறைக்குத் திரும்பியதும் பாலசுப்பிரமணியன் நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே மகளிடம் சொன்னார். யாமினி போனைக் கீழே வைத்தாள்.

"ஒன்றரை மணி நேரமா? ஏன் நைனா எங்கிட்ட மறைச்சே?"

"நீ ஒண்டியா இன்னா பண்ணுவே சொல்லு. அங்க உன் மாமியாரு, இங்க நானு. அதான் மறைச்சேன். மறைச்சதாலதான் நீ இத்தினி நாளு என்னைத் தனியா உட்டே. அதுவும் தப்புதான்."

யாமினி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். விஜயராகவன் எழுந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அப்போது பிரமிளா, "சார், கமலம்மா கட்டில்லேருந்து உழல" என்றாள்.

"பிரமிளா!"

"பாத்ரூம்லதான் உழுந்தாங்க. பெல் அடிக்கல. நா மாடியில இருந்தேன். பொய்யின்னு தெரிஞ்சே கையெழுத்துப் போட்டேன். இனிமே கட்ட மாட்டேன் சார். நீங்க வேற ஆளை வச்சிக் கட்டினாலும் நா அவுத்துடுவேன்."

விஜயராகவன் தெலுங்கில் ஏதோ சொல்ல ஆரம்பித்துப் பாதியில் விட்டார். பிரமிளா காத்திருக்கவில்லை. கூடத்துக்குப் போய்க் கமலம்மாவின் பின்னால் மண்டியிட்டாள். முடிச்சு காலையில் போட்டது, இறுகியிருந்தது. நகத்தால் நெம்பி அவிழ்க்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. புடவை இருந்த இடத்தில் ரவிக்கைக்குக் கீழே சிவந்து தடித்திருந்தது.

"சாப்பாட்டு நேரமாடி?" என்றாள் கமலம்மா.

"இல்லம்மா. எழுந்து நடக்கறியா?"

இருவரும் வராந்தா முனை வரை நடந்தார்கள். யாமினியும் பெரியவரும் அதைப் பார்த்துவிட்டு, போய்வருகிறோம் என்று மட்டும் சொல்லிக் கிளம்பினார்கள். வாசலில் யாமினி திரும்பி விஜயராகவனிடம், "அந்தம்மா மகனுக்கு இன்னிக்கே சொல்லிடுங்க சார். நா அந்த எடத்துல இருந்தா எனக்குத் தெரியணும்னுதான் நெனப்பேன்" என்றாள்.

அன்று மாலை அவரே சாய்குமாருக்குப் போன் செய்தார். கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசினார்.

மறுநாள் ஞாயிறு. பிரமிளா ஊருக்குப் போகவில்லை. பத்து மணிக்குச் சாய்குமார் வந்தான். விஜயராகவனைப் பேசவேண்டிய பேச்செல்லாம் பேசினான். போலீசுக்குப் போவேன் என்றான். பிறகு பிரமிளா பக்கம் திரும்பினான்.

"உன்ன நம்பித்தானே உட்டுட்டுப் போனேன்? ரெண்டு மாசம் தெனமும் போன்ல 'அம்மா நல்லாக்கீறாங்க'ன்னு சொன்னியே!"

பிரமிளா தலையைக் குனிந்துகொண்டாள். "தப்பு பண்ணிட்டேன் சார்" என்றாள்.

கத்திக் களைத்துப்போய் அவன் அம்மாவின் எதிரே உட்கார்ந்தான். "எங்கிட்டியும் பாத்ரூம்னுதான சொன்னே. நாந்தான் நம்பல. நானேதாம்மா கட்டச் சொன்னேன்" என்றான். கமலம்மாவுக்கு விளங்கியதா தெரியவில்லை. அவன் சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்ததைக் கண்டு, நல்ல கையால் அதைச் சரிசெய்ய முயன்றாள். ஒரு கையால் முடியவில்லை. அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தான்.

கூட்டிக்கொண்டு போய்விடத்தான் வந்திருந்தான். ஆனால் பெங்களூர் வீட்டில் பகல் முழுக்க ஆள் கிடையாது. மூன்று நாள் திருப்பதியிலேயே தங்கி, காலையும் மாலையும் வந்து உட்கார்ந்து பார்த்தான். நான்காவது நாள் அம்மாவை அங்கேயே விட்டுவிட்டுப் போனான். மன்னித்துவிட்டானா என்று பிரமிளாவுக்குத் தெரியாது. இப்போது போன் பேசும்போது அம்மாவிடம் கொடுக்கச் சொல்கிறான்.

திங்கட்கிழமை எலக்ட்ரீஷியன் வந்தான். எல்லா பெல்களையும் சரிசெய்ய அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஐந்து மாதமாகச் செய்யாமல் விட்டது அந்த அரை மணி நேர வேலையைத்தான். பாத்ரூம் சுவர்களில் கம்பி பதித்தார்கள். விஷயம் தெரிந்ததும் இரண்டு பேர் அவரவர் ஆளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மதிய நேரத்துக்கு இன்னொரு ஆயம்மா வேண்டும் என்று விஜயராகவன் நான்கு இடத்தில் சொல்லி வைத்தார். ஆள் இன்னும் கிடைக்கவில்லை.

ஒரு வாரம் அவர் பிரமிளாவோடு வேலையைத் தவிர வேறு பேசவில்லை. வேலையை விட்டு நிறுத்துவார் என்று அவள் துணிமணியை மடித்துக்கூட வைத்தாள். எட்டாம் நாள் ரிஜிஸ்டரைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

"பழைய பக்கத்த அடிச்சிட்டேன். எப்படி நடந்துதோ அப்படியே நீ எழுது. எனக்குக் கை வரல."

"தெலுங்குல எழுத வராது சார்."

"தமிழ்லியே எழுது."

பிரமிளா உட்கார்ந்து எழுதினாள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அவ்வளவு நீளமாக அவள் எதுவும் எழுதியதில்லை. தன் பேரையும் அதில் எழுதினாள்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பன்னிரண்டரை மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல் யாமினி வந்து நின்றாள். கூட அப்பாவும். சாப்பாட்டு நேரம். யார் ஊட்டுகிறார்கள், அவசரப்படுத்துகிறார்களா, தண்ணீர் கையெட்டும் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்தபடி யாமினி மேசை மேசையாக நடந்தாள். பாலசுப்பிரமணியன் எல்லா பெல்லையும் அமுக்கிப் பிரமிளாவை மூன்று தடவை மாடிப்படி ஏறி இறங்க வைத்தார். பிறகு ரசத்தை ருசி பார்த்துவிட்டு, "உப்பு கம்மி" என்றார்.

"ஒரு மாசம் இருந்து பாக்கறேன். புடிக்கலன்னா போயிடுவேன்" என்றார் விஜயராகவனிடம்.

பையை உள்ளே வைத்துவிட்டு யாமினி ஆட்டோவில் ஏறினாள். ஏறியவள் போகச் சொல்லாமல் உட்கார்ந்திருந்தாள். பிரமிளா பக்கத்தில் போய் நின்றாள்.

"நைனாவ நல்லா பாத்துக்குவீங்கல்லக்கா?"

நான்கு வருஷமாக எத்தனையோ பேர் இதே வாசலில் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். கவலையே வேண்டாம் என்றுதான் பிரமிளா எல்லாருக்கும் சொல்லி அனுப்புவாள். இந்தத் தடவை யோசித்தாள்.

"என்னால ஆவறதப் பண்ணுவேம்மா. மத்தியானத்துல மட்டும் நா ஒண்டி ஆளு, மாடிக்கும் கீழுக்கும் ஓடிக்கினு இருப்பேன். அத மறைக்க மாட்டேன்." ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "வாரத்துக்கு ஒரு நாளு வாங்க. போன் பண்ணாம வாங்க. இன்னிக்கு வந்த மாதிரி, சோறு போடற நேரத்துல வாங்க."